சுண்ணாம்பு பூசின ஈரல்: பாறுகளைக் கொன்னது எதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க

பாகிஸ்தான் பஞ்சாப்ல 2000-க்கு அப்புறம் கொத்துக் கொத்தா செத்து விழுந்த பாறுக்கழுகுகளை எடுத்து வயித்தைக் கீறிப் பாத்தாங்க. ஈரல், இதயம், கிட்னி எல்லாத்து மேலயும் வெள்ளையா மாவு மாதிரி ஒண்ணு அப்பியிருந்துச்சு. யாரோ உள்ள கைய விட்டு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. அது யூரிக் ஆசிட். கிட்னி வேலை செய்யாம நின்னுபோனா பறவைங்க உடம்புல அது வெளிய போக வழியில்லாம உள்ளயே உறைஞ்சு படியும். சரி, கிட்னி கெட்டுப்போச்சு, அதுவரைக்கும் தெரிஞ்சுபோச்சு. கெடுத்தது எது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கத்தான் வருஷக்கணக்கா ஆச்சு. சுற்றுச்சூழல் நஞ்சு பத்திப் படிக்கிற எவனும் இந்தக் கேஸைத் தாண்டிப் போக முடியாது, அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன்.

பாறுன்னா நம்ம ஊர்ல பிணந்தின்னிக் கழுகுன்னு திட்டுற மாதிரி ஒரு பேர் வச்சிருக்கோமே, அதேதான். பாறு, எருவைன்னு பழைய தமிழ்ல அழகான பேருங்க இருக்கு, நம்மதான் மறந்துட்டோம். எண்பதுகள்ல இந்தியாவுல இதுங்க எவ்வளவு இருந்துச்சுன்னா, கோடிக்கணக்குல இருக்கும்னு சாதாரணமா பேசுவாங்க, உக்காந்து எண்ணணும்னு யாருக்கும் தோணவே இல்ல. காக்காவை எண்ணுவோமா என்ன? மாடு செத்தா ஊருக்கு வெளிய இழுத்துப் போடுவாங்க, தோலை உரிச்சிட்டுப் போவாங்க, மீதிய ஒரு கூட்டம் வந்து ஒரு மணி நேரத்துக்குள்ள எலும்பாக்கிட்டுப் போயிடும்.

நல்லவேளையா ராஜஸ்தான் பரத்பூர்ல இருக்குற கேவலாதேவ் பூங்காவுல மட்டும் எண்ணி வச்சிருந்தாங்க. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துல இருந்த விபு பிரகாஷ் அங்க 1987-88-ல வெண்முதுகுப் பாறுகளை 353 ஜோடின்னு பதிவு பண்ணாரு. 1996-ல திரும்ப எண்ணினா 150. அப்புறம் வருஷா வருஷம் சரிஞ்சு, கொஞ்ச நாள்ல கூடே இல்லாமப் போச்சு. மரத்துல உக்காந்திருக்குற பறவைங்க கழுத்து தொங்கிப்போய், தலைய நெஞ்சுக்குக் கீழ விட்டுக்கிட்டு, நாள் கணக்கா அப்படியே இருந்துட்டு ஒருநாள் தொப்புனு கீழ விழுமாம். மொத்த இந்தியாவுக்கும் கணக்குப் போட்டப்ப 1992-க்கும் 2007-க்கும் நடுவுல வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் காலி. ஆயிரத்துக்கு ஒண்ணு மிச்சம். கருங்கழுத்துப் பாறும், வடக்கே இருக்குற மெலிஞ்ச அலகு வகையும் சேந்து 97 சதவீதம் கிட்ட காலி. உலகத்துல வேற எந்தப் பறவையும் இவ்வளவு வேகமா சரிஞ்சதில்லன்னு சொல்லுவாங்க, டோடோ கூட.

இப்ப சந்தேக லிஸ்ட்டுக்கு வருவோம். முதல்ல எல்லாரும் கை காட்டினது பூச்சிமருந்தை. அதுக்குக் காரணம் இருக்கு. அம்பது அறுபதுகள்ல ஐரோப்பா அமெரிக்கா பக்கம் வல்லூறு வகைகள் குறைஞ்சப்ப, டெரெக் ராட்க்ளிஃப்ங்கிற பிரிட்டிஷ்காரர் ஒரு காரியம் பண்ணாரு. பழைய ஆளுங்க பொழுதுபோக்கா சேத்து வச்சிருந்த முட்டை ஓடுகளையெல்லாம் எடுத்து எடை போட்டு, புது ஓட்டோட ஒப்பிட்டுப் பாத்தா, டிடிடிங்கிற பூச்சிமருந்து வந்த காலத்துக்கு அப்புறம் ஓடு மெலிஞ்சிருக்கு. 1967-ல அதை வெளியிட்டாரு. தாய்ப் பறவை உக்காந்தாலே முட்டை நொறுங்கும், குஞ்சு எங்க இருந்து வரும்? டிடிடி கொழுப்புல தங்கும், சின்ன மீன்ல கொஞ்சம், பெரிய மீன்ல அதிகம், அதைத் தின்ற பறவைக்கு இன்னும் அதிகம்னு படிப்படியா ஏறும். அமெரிக்கா 1972-ல தடை போட்டுச்சு. அதனால ஒரு பெரிய பறவை காணாமப் போனா எல்லார் மனசுலயும் இந்தக் கதைதான் முதல்ல ஓடும்.

ஆனா இங்க ஓடு மெலியல. குஞ்சு பொரிக்காததால குறையல, வளந்த பறவைங்களே டப்பு டப்புனு சாவுது. பூச்சிமருந்து அளவும் கொல்ற அளவுக்கு இல்ல. அப்போ வைரஸா இருக்கும்னு அடுத்த கோஷ்டி. அது ஒண்ணும் முட்டாள்தனமான யோசனை இல்ல, ஒரு நாடு விட்டு நாடு பரவுற மாதிரிதான் சாவும் இருந்துச்சு. தேடித் தேடிப் பாத்தும் அப்படி ஒரு கிருமி சிக்கல.

பெரிக்ரின் ஃபண்ட்ங்கிற அமைப்பு சார்பா பாகிஸ்தான்ல வேலை பாத்த லிண்ட்சே ஓக்ஸ்ங்கிற கால்நடை நோய் நிபுணர் குழு 259 செத்த பறவைகளை அறுத்துப் பாத்துச்சு. அதுல 85 சதவீதத்துக்கு அந்த வெள்ளைப் படிவம். ஈயம், காட்மியம், பூச்சிமருந்து, கிருமி எல்லாத்தையும் ஒவ்வொண்ணா சோதிச்சு கழிச்சுக்கட்டிட்டாங்க. மாட்டிக்கிட்டு நின்னப்பதான் கேள்விய திருப்பிப் போட்டாங்க. இந்தப் பறவை தின்றது என்ன? செத்த மாடு, எருமை. அது சாகுறதுக்கு முன்னாடி அதுக்கு யாரு என்ன குடுத்தாங்க? கால்நடை டாக்டருங்க கிட்டயும் மருந்துக்கடையிலயும் போய், கிட்னியைக் கெடுக்கக்கூடிய, வாய் வழியா போனாலும் உடம்புல ஏறக்கூடிய மருந்து எது விக்கிறீங்கன்னு விசாரிச்சா வந்து விழுந்தது ஒரே பேர், டைக்ளோஃபினாக்.

நம்ம ஊர்ல முதுகுவலிக்கு வோவெரான்னு வாங்கிப் போடுறோமே, அதே சரக்குதான்.

அப்புறம் பண்ணதுதான் இந்தக் கேஸை உலகப் பிரசித்தி ஆக்குச்சு. யூரிக் ஆசிட் படிஞ்சிருந்த 25 பறவைகளோட கிட்னிய சோதிச்சாங்க, 25-லயும் டைக்ளோஃபினாக். வேற காரணத்துல செத்த, படிவம் இல்லாத 13 பறவைகளை சோதிச்சாங்க, ஒண்ணுல கூட இல்ல. இதோட நிறுத்தியிருந்தாலும் பாதிப்பேர் ஒத்துக்கிட்டிருப்பாங்க. ஆனா கூட இருந்தவன் எல்லாம் கொலைகாரன் ஆகிட மாட்டான் இல்லையா, அதனால இன்னொரு படி போனாங்க. காயம்பட்டு, திரும்பப் பறக்க விட முடியாத பாறுகளுக்கு, ஊசி போட்ட ஆடு எருமையோட கறியக் குடுத்துப் பாத்தாங்க. எது எவ்வளவு தின்னுச்சோ அதுக்குத் தக்க செத்துச்சு, அறுத்துப் பாத்தா அதே சுண்ணாம்பு. 2004-ல நேச்சர் இதழ்ல வந்துச்சு. சிட்டுக்குருவி குறைஞ்சதுக்கு செல்போன் டவர்தான் காரணம்னு குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல வருஷத்துக்கு ரெண்டு தடவை வருதே, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா நான் இந்த 25, 13, அப்புறம் அந்தக் கறி, இதைத்தான் சொல்லுவேன். அங்க இருக்கிறது யூகம், இங்க கண்ணி கண்ணியா சேந்த சங்கிலி.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச, அதே சமயம் ரொம்பப் பயமுறுத்துற விஷயம் வேற. இந்த மருந்து டிடிடி மாதிரி கிடையாது. சேராது, தங்காது, மண்ணுல தண்ணியில மலையா குவியாது. மாட்டு உடம்புல இருந்து சில நாள்ல போயிடும். ஊசி போட்டு ரெண்டு மூணு நாளுக்குள்ள மாடு செத்தாத்தான் அந்தக் கறி ஆபத்து. பொதுவா ஒரு வேதிப்பொருள் ஆபத்தான்னு பாக்குறவன் எவ்வளவு நாள் தங்குது, எவ்வளவு சேருதுன்னுதான் முதல்ல பாப்பான், அந்தத் தேர்வுல டைக்ளோஃபினாக் நல்ல மார்க் வாங்கிப் பாஸ் ஆயிடும். மாட்டுக்கு நல்லது, மனுசனுக்கு நல்லது. கோழிக்கு குடுத்தாக்கூட கிலோவுக்கு சில மில்லிகிராம் வரைக்கும் தாங்கும். ஆனா இந்த வகைப் பாறுக்கு கிலோவுக்கு 0.1-ல இருந்து 0.2 மில்லிகிராம் போதும், ரெண்டு நாள்ல முடிஞ்சுது. அட, பாறுன்னாலே இப்படித்தானோன்னு பாத்தா அதுவும் இல்ல. அமெரிக்காவுல டர்க்கி வல்ச்சர்னு ஒண்ணு இருக்கு, அதுவும் பிணம் தின்றதுதான், அதுக்கு கிலோவுக்கு 25 மில்லிகிராம் குடுத்தும் ஒண்ணும் ஆகல. நூறு மடங்குக்கு மேல. அது வேற வம்சம், பாக்கத்தான் ஒரே மாதிரி மொட்டைத்தலை. அதாவது ஒருவேளை யாராவது அக்கறையா தொண்ணூறுகள்லயே கோழி, காடை, ஏன் அமெரிக்கப் பாறுலயே சோதிச்சிருந்தாலும் பாதுகாப்பானதுன்னு சர்ட்டிஃபிகேட் குடுத்திருப்பாங்க.

சரி, நாட்டுல எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டாங்களா, எப்படி 99.9? இங்கதான் கணக்கு வேலை செய்யுது. ரீஸ் கிரீன்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு 2004-ல போட்ட கணக்குப்படி, 760 பிணத்துல ஒண்ணுல இருந்து 130 பிணத்துல ஒண்ணு வரைக்கும் கொல்ற அளவு மருந்து இருந்தாலே போதும், இந்த வேகத்துல இனம் சரியும். நம்ப முடியலைன்னா நாமளே போட்டுப் பாக்கலாம். 200-ல ஒரு பிணம் விஷம்னு வைங்க. ஒரு பாறு மூணு நாளைக்கு ஒரு தடவை தின்னா வருஷத்துக்கு 120 சாப்பாடு. 200 சீட்டுல ஒரு சீட்டு சாவு, 120 தடவை சீட்டு எடுக்கணும். ஒருதரம் கூட அந்தச் சீட்டு வராம தப்பிக்கிற வாய்ப்பு 55 சதவீதம்தான். அதாவது ஒரே வருஷத்துல கிட்டத்தட்ட பாதி காலி. இந்தப் பறவை அஞ்சு வயசுலதான் ஜோடி சேரும், வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை. அது பாட்டுக்கு மெதுவா பெருகும், மெதுவா சாகும், அப்படி அமைஞ்ச உடம்பு. போதாததுக்கு ஒரு மாடு விழுந்தா அம்பது நூறுன்னு கூட்டமா வந்து உக்காரும். நிஜத்துல எவ்வளவு விஷம் இருந்துச்சுன்னு அப்புறம் இந்தியாவுல 1848 கால்நடைப் பிணத்தோட ஈரலை எடுத்துப் பாத்தா பத்துல ஒண்ணுல டைக்ளோஃபினாக் இருந்துச்சு. எல்லாமே கொல்ற அளவு இல்ல, ஆனா தேவைப்பட்டது அதுல ஒரு துளிதானே.

ஏன் அத்தனை மாட்டுல ஊசி? தொண்ணூறுகள் தொடக்கத்துல காப்புரிமை முடிஞ்சு ஆளாளுக்கு தயாரிக்க ஆரம்பிச்சதும் விலை தரையைத் தொட்டுச்சு. காய்ச்சல், மடிநோய், கால் வீக்கம், எதுக்கு எடுத்தாலும் அதே ஊசி. நம்ம நாட்டுல வயசான மாட்டை நிறைய பேரு கறிக்கு விக்க மாட்டாங்க, பாவம் கடைசி காலத்துல வலி இல்லாம போகட்டும்னு ஊசி போடுவாங்க. சாகப்போற மாட்டுக்குத்தான் ஊசி அதிகம், அந்த மாடுதான் ரெண்டு நாள்ல ஊருக்கு வெளிய போகும். இரக்கப்பட்டுப் போட்ட ஊசிதான், யாரையும் குத்தம் சொல்ல வழியில்ல.

பாறு போனதும் பிணம் அப்படியே கிடந்துச்சு. நாய் பெருத்துச்சு, நாய்க்கடி பெருத்துச்சு. பாறோட வயித்துல இருக்குற அமிலத்துல அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) கிருமியே தாங்காதும்பாங்க, நாய் அப்படி இல்ல, தின்னுட்டு ஊருக்குள்ள திரும்பி வரும். இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன்னு ரெண்டு பொருளாதார நிபுணருங்க, முன்னாடி பாறு அதிகம் வாழ்ந்த மாவட்டத்தையும் வாழாத மாவட்டத்தையும் பிரிச்சு, மருந்து வந்ததுக்கு முன்ன பின்ன மனுச சாவு எப்படி மாறுச்சுன்னு பாத்தாங்க. பாறு இருந்த மாவட்டங்கள்ல சாவு விகிதம் 4 சதவீதத்துக்கு மேல கூடியிருக்கு, 2000-ல இருந்து 2005 வரைக்கும் கணக்குப் பாத்தா அஞ்சு லட்சம் உயிர்னு 2024-ல வெளியிட்டாங்க. இது தலைய எண்ணின கணக்கு இல்ல, புள்ளியியல் மதிப்பீடு, அஞ்சு லட்சம்ங்கிறதை அப்படியே கல்வெட்டா எடுத்துக்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். ஆனா நாய்க்கடி ஊசி விற்பனையும் தண்ணியோட தரமும் அதே மாவட்டங்கள்ல அதே திசையில நகர்ந்திருக்குறதைப் பாத்தா தூக்கிப் போடவும் முடியல.

தடை கதை சுருக்கமா. 2006-ல இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூணும் கால்நடைக்கு டைக்ளோஃபினாக் கூடாதுன்னு சொல்லிடுச்சு, 2010-ல பங்களாதேஷ். கண்டுபிடிச்சு ரெண்டு வருஷத்துல தடை, நம்ம ஊர் வேகத்துக்கு இது ராக்கெட். ஆனா மனுச மருந்து இருக்கே! 30 மில்லி பாட்டில்ல மனுசனுக்குன்னு எழுதி வித்தாங்க. மனுசனுக்கு ஒரு தடவைக்கு 3 மில்லி போதும், 30 மில்லி யாருக்குன்னு குழந்தைக்குக்கூட தெரியும். 2007-ல இருந்து 2010 வரைக்கும் ஆராய்ச்சியாளருங்க மாட்டுக்காரன் மாதிரி கடை கடையா போய் மாட்டுக்கு வலிமருந்து குடுங்கன்னு கேட்டுப் பாத்தாங்க, 36 சதவீதக் கடையில டைக்ளோஃபினாக்தான் எடுத்து நீட்டினாங்க. 2015-ல 3 மில்லிக்கு மேல பாட்டில் கூடாதுன்னு ஆணை வந்துச்சு, கம்பெனிக்காரங்க சென்னை உயர்நீதிமன்றத்துல வழக்குப் போட்டாங்க, 2017-ல கோர்ட் அந்த ஆணை சரிதான்னு சொல்லிடுச்சு.

அதுக்குள்ள டைக்ளோஃபினாக்கோட அண்ணன் தம்பி வலிமருந்துங்க வந்தாச்சு. கீட்டோப்ரோஃபென் பாறைக் கொல்லும்னு 2010 வாக்குலயே தெரியும், தடை வந்தது 2023-ல. அசிக்ளோஃபினாக் இன்னும் வேடிக்கை, மாட்டு உடம்புக்குள்ள போனதும் அதுவே டைக்ளோஃபினாக்கா மாறிடுது, வேஷம் மாத்தி உள்ள வந்த அதே ஆளு. அதுக்கும் 2023-லதான் தடை. நிமெசுலைடுக்கு 2024 கடைசில. எதுக்கும் பயப்படாம போடலாம்னு சோதிச்சு வச்சிருக்குறது மெலாக்சிகாமும் டோல்ஃபெனமிக் ஆசிடும்தான். இங்கதான் எனக்குக் கோபம் வரும். ஒவ்வொரு தடவையும் மருந்து முதல்ல சந்தைக்கு வருது, பறவை சாவுது, அப்புறம் நிரூபிக்கிற பொறுப்பு பறவை பக்கம் நிக்கிறவன் தலையில. மாட்டுக்கு வலிமருந்து விக்கணும்னா பாறுக்கு ஆகுமான்னு முன்னாடியே காட்டிட்டு வாங்கன்னு சொல்ற ஏற்பாடு இல்ல. ஸ்பெயினைப் பாருங்க, நம்ம கதை மொத்தமும் தெரிஞ்சே 2013-ல கால்நடைக்கு டைக்ளோஃபினாக்கை அனுமதிச்சாங்க. 2020-ல அங்க ஒரு கரும்பாறுக் குஞ்சு அதே மருந்துல செத்துக் கிடந்துச்சு.

தமிழ்நாட்டுல மிச்சம் இருக்குறது மாயாறு பள்ளத்தாக்குலதான். முதுமலை, சீகூர், சத்தியமங்கலம் காடு, ஆத்தோரம் நிக்கிற நீர்மருது மரத்து உச்சியில கூடு. இங்க ஏன் தப்பிச்சுதுன்னு யோசிச்சா மேல சொன்ன கணக்கேதான் பதில் சொல்லும். புலி, செந்நாய் அடிச்சுப் போட்ட மானுக்கு யாரும் ஊசி போடல, சீட்டுக்கட்டுல சாவுச் சீட்டு குறைவு. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூணும் ஒரே நேரத்துல எண்ணினதுல 2023 பிப்ரவரில 246, அதே வருஷக் கடைசில 320. ஏறின மாதிரி தெரியும், எண்ணுன இடமும் ஆளும் கூடினா எண்ணிக்கையும் கூடும், அதனால இப்பவே பட்டாசு வெடிக்க வேணாம். திருக்கழுக்குன்றத்துல தினமும் ரெண்டு பறவை வந்து சர்க்கரைப்பொங்கல் தின்னுட்டுப் போன கதை பெரியவங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அது மஞ்சள்முகப் பாறு, 1998 வாக்குல நின்னு போச்சு. அதையும் இந்தக் கணக்குல சேத்து எழுதுறவங்க இருக்காங்க. நான் சேக்க மாட்டேன், அந்தப் பறவைங்களை யாரும் கீறிப் பாக்கல.

மாயாறு ஆபத்தில்லாம இருக்கான்னா இல்ல. பாறு ஒரு நாளைக்கு அம்பது நூறு கிலோமீட்டர் சுத்தும், காட்டு எல்லை அதுக்குத் தெரியாது, பக்கத்து ஊர் மாடும் அதுக்கு சாப்பாடுதான். எங்க சித்தப்பா வீடு பவானிசாகர் பக்கம், மாயாறு வந்து சேருற இடம். அங்க சீமை மாட்டுக்கு மடிநோய் வந்து மடி கல்லு மாதிரி ஆயிடுச்சு, டாக்டர் வர சாயங்காலம் ஆகும்னாங்க. நானும் சித்தப்பாவும் மருந்துக்கடைக்குப் போனோம்.

"மாடு காலே ஊன மாட்டேங்குதுங்க, வலிக்கு எதாச்சும் இருந்தா குடுங்க."

கடைக்காரர் கூசாம மனுசனுக்குப் போடுற 3 மில்லி டைக்ளோஃபினாக் ஊசிய அஞ்சு எடுத்து வச்சாரு. "இதை ஒண்ணாச் சேத்துப் போடச் சொல்லுங்கண்ணா, உடனே கேக்கும்."

இது மாட்டுக்குப் போடக்கூடாதே, கழுகு செத்துப்போகும்னேன். அவரு என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு சித்தப்பா பக்கம் திரும்பி, "மாட்டுக்குங்களா, கழுகுக்குங்களா?"ன்னு கேட்டாரு. கடையில நின்ன நாலு பேரும் சிரிச்சாங்க, சித்தப்பாவும் சேந்து சிரிச்சாரு, எனக்கும் பதில் வரல. வாங்காம வந்துட்டோம். சாயங்காலம் டாக்டர் வந்து மெலாக்சிகாம் போட்டாரு, விலையிலயும் பெரிசா வித்தியாசம் இல்ல, மூணாம் நாள் மாடு தீவனம் எடுத்துச்சு. சித்தி அந்த மருந்துப் பேரை காலண்டர் அட்டைக்குப் பின்னாடி பால் கணக்குக்குக் கீழ எழுதி வச்சிருக்காங்க.

அந்த மாடு போன ஐப்பசில செத்துச்சு. வயசாகி, மாசக்கணக்கா எந்த ஊசியும் படாம. பாறுக்குப் போட அதை விட சுத்தமான சாப்பாடு கிடைக்காது. ஆனா ஊருக்கு வெளிய போட்டா நாத்தம் அடிக்குது, நாய் சேருது, சிறுத்தை வருதுன்னு இப்ப யாரும் சம்மதிக்கிறதில்ல. ஜேசிபிய வரச்சொல்லி ஆறடிக்குக் குழி தோண்டி, ரெண்டு மூட்டை உப்பும் சுண்ணாம்பும் கொட்டிப் பொதச்சுட்டாங்க. ஜேசிபிக்கு வாடகை ஆயிரத்து இருநூறு.